பெப்பர்மின்ட் வாசமடித்த திருநீறு

அத்தியாயம் 4

வேலம்மா நாக்கை நீட்டியதும் பழனிமுத்து தன்னையறியாமல் இரண்டடி பின்வாங்கி, லயத்து வாசலில் கிடந்த கொழுந்துக் கூடைக்குள் ஒரு காலை விட்டுவிட்டான்.

"கூடையில ஏறாத பழனி. ஒன்ன யாரும் நிறுக்க மாட்டாங்க" என்றார் துப்பறியும் ஜவாஹிர், திரும்பிப் பார்க்காமலே.

"நீங்களே பாருங்க நானா. எனக்குக் கண்ணு வலிக்குது."

கண் ஒன்றும் வலிக்கவில்லை. பயம்தான். பயம் வந்தால் பழனிமுத்துவுக்கு வாய் கூடிவிடும். வேலம்மா அவனுடைய அம்மாவின் தங்கை. அம்மா போன பிறகு தன் தட்டிலிருந்து பாதியை அவன் தட்டில் தள்ளி அவனை ஆளாக்கியவள். அந்தச் சின்னம்மாவின் நாக்கு அடுப்பில் ஏறி இறங்கிய தோசைக்கல் மாதிரிக் கறுத்துக் கிடந்தது. இன்னும் ஓர் இரவு போனால் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான இந்த லயத்தில் அவளுக்கு இடமில்லை.

சங்கதி இதுதான். எல்கடுவைக்கு மேலே மலையைச் சுற்றிச் சுற்றி ஏறினால் குருவிக்கல் தேயிலைத் தோட்டம். அங்கே ஒரு மாரியம்மன் கோயில். திருவிழாவுக்குக் காப்புக் கட்டுவதற்கு முன்னால் அம்மனின் நகைப் பெட்டியைத் திறந்தார்கள். ஒட்டியாணம் இருந்தது, மூக்குத்தி இருந்தது, தாலியைக் காணோம். எந்தக் காலத்திலோ எவளோ ஒருத்தி வேண்டுதல் பலித்த சந்தோஷத்தில் தன் கழுத்திலிருந்து கழற்றி அம்மனுக்குப் போட்ட பொட்டுத் தாலி அது. தோட்டத்துக்கே சொந்தமென்று சொல்லிக்கொள்ள இருந்த தங்கத்தில் பெரிய பங்கு அதுதான்.

தோட்டத் தலைவர் உடனே சத்தியத் திருநீறு வைத்தார். கோயில் வேலைக்கு நின்ற ஆணும் பெண்ணும் வரிசையாக வந்து, பூசாரி கொடுக்கும் திருநீற்றை நாக்கில் போட்டு, 'நான் எடுக்கல' என்று அம்மன் முன்னால் சொல்ல வேண்டும். பொய் சொன்னவர் நாக்கு விடிவதற்குள் கறுத்துவிடும் என்பது அங்கே உள்ள நம்பிக்கை. இதுவரை யாருக்கும் கறுத்ததில்லை. அதனால்தான் எல்லோரும் அதைத் தைரியமாக நம்பி வந்தார்கள். இந்தத் தடவை விடிந்தபோது, கோயிலைக் கூட்டிப் பெருக்கும் வேலம்மாவின் நாக்கு கன்னங்கரேல் என்று இருந்தது.

நாளைக் காலைப் பெரட்டுக்குள், அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கும் நேரத்துக்குள், தாலி வந்து சேர வேண்டும். வராவிட்டால் வேலைப் பதிவிலிருந்து வேலம்மாவின் பெயரை வெட்டி லயத்தைவிட்டு அனுப்புவது என்று தலைவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். கோயில் விவகாரத்தில் தோட்ட நிர்வாகியான துரை தலையிடுவதில்லை. தலைவர் வெட்டச் சொன்ன பெயரை வெட்டிவிட்டு டென்னிஸ் ஆடப் போய்விடுவார். வேலம்மாவுக்கு இந்த மலையைவிட்டால் போய் நிற்க வேறு ஊர் கிடையாது.

சேதி கிடைத்ததும் பழனிமுத்து, அண்ணன் என்ற பொருளில் 'நானா' என்று தான் கூப்பிடும் முதலாளியை இழுத்துக்கொண்டு வந்துவிட்டான். மாத்தளை திருகோணமலை வீதியில் ஓர் ஏலக்காய்க் கடைக்கு மேல்மாடியில் 'ஜவாஹிர் – இரகசிய விசாரணைகள்' என்று பலகை தொங்கும். அந்த வீதியிலேயே பெரிய பலகை. இரகசியம் என்ற எழுத்து பஸ் நிலையத்திலிருந்தே தெரியும். ஜவாஹிர் முன்பு கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். மூன்று மொழியிலும் பொய்யைக் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போய், ஒரு மொழியிலாவது உண்மையைக் கேட்போமே என்று இந்தத் தொழிலுக்கு வந்தவர்.

"வாய மூடுங்க தங்கச்சி, போதும்" என்றார் அவர். "அந்தத் திருநீறு நாக்குல பட்டதும் எப்படி ஈந்திச்சி?"

வேலம்மா யோசித்தாள். மூன்று நாளாக அவளை எல்லோரும் 'எங்கடி தாலி' என்று கேட்டார்களே தவிர திருநீறு எப்படி இருந்தது என்று யாரும் கேட்கவில்லை.

"இனிச்சிச்சுங்க. அப்பறம் வாயெல்லாம் ஜில்லுன்னு ஆயிருச்சு. பெப்பர்மின்ட் முட்டாய் தின்னாப்புல. ஆத்தா மனசு குளுந்துட்டா, நம்ம பக்கந்தான் நிக்கிறான்னு நெனச்சேங்க."

ஜவாஹிரின் புருவம் மெல்ல மேலே ஏறியது.

"சாணிய எரிச்ச சாம்பல்ல பெப்பர்மின்ட் எப்படி பழனி?"

"மாடு முட்டாய்க் கடைப் பக்கமா மேஞ்சிருக்கும் நானா."

"மத்தவங்களுக்கும் இனிச்சிச்சா?"

"கேட்டேங்க. சாம்பல் என்னைக்கு இனிச்சிச்சுன்னு சிரிக்கிறாங்க. ராசம்மாகிட்டயும் கேட்டேன், அது பதிலே சொல்லல. அன்னைக்கு அது நெத்தி முச்சூடும் பட்டை பட்டையாப் பூசிக்கிட்டு ஆத்தா மாதிரியே நின்னுச்சு. நான்தான் கடைசியா நின்னவ."

பெயரைச் சொன்னதும் பக்கத்துக் காம்பரா அறையிலிருந்து ராசம்மாவே வந்துவிட்டாள். அம்மனுக்குப் பூக்கட்டுபவள். இரண்டு குடும்பத்துக்கும் ஒரே பீலித் தண்ணீர், ஒரே விறகுக் கட்டு. மூன்று நாளாகச் சட்டி மட்டும் தனித்தனியாகக் கொதிக்கிறது. உச்சி வெயிலில் அவள் முந்தானையைக் கழுத்தைச் சுற்றி இறுக்கிப் போர்த்தியிருந்தாள்.

"டவுனுல இருந்து ஆளக் கொண்டாந்தா நாக்கு வெளுத்திருமா? ஆத்தாவே எழுதிக் காட்டிட்டா. எடுத்தத வச்சிரு வேலம்மா, ஊருக்கு நல்லது."

"என்னக்கா, குளிரா?" என்றான் பழனிமுத்து. "இந்த வெயில்ல எனக்கு மண்டையே வடை மாதிரிப் பொரியுது."

"காச்சலு" என்று சொல்லிவிட்டு ராசம்மா வந்த வேகத்திலேயே திரும்பிப் போனாள்.

ஜவாஹிர் எழுந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "இங்க மருந்து குடுக்கிறவர் யாரு?"

ஆஸ்பத்திரி என்று தோட்டத்தில் சொல்லப்படும் அந்த ஒற்றை அறை, ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலைக்குக் கீழே இருந்தது. டிஸ்பென்சர் ஸக்கரியா மேசைமேல் காலைப் போட்டு ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். ஜவாஹிரைக் கண்டதும் காலை இறக்கி, ஸலாம் சொல்லி, பிளேன் டீக்கு ஆள் அனுப்பினார்.

"வெள்ளத் தூள். இனிப்பு. பெப்பர்மின்ட் வாசம். ராவு திண்டா விடியக் காலம நாக்கு கறுப்பு. என்ன அது?" என்றார் ஜவாஹிர்.

ஸக்கரியா தொடையில் தட்டிச் சிரித்தார். "இதுக்கா நானா இவ்வளவு தூரம் ஏறி வந்தீங்க? பிஸ்மத்! வயித்து மாத்திர. நெஞ்செரிச்சல், புளிச்ச ஏப்பம், வயித்தால போறது எல்லாத்துக்கும் குடுக்கிறது. வெந்துபோன எடத்துல பூச்சுப் பூசின மாதிரி குடல்ல படிஞ்சி கொஞ்சம் ஆறுதல் குடுக்கும்."

"ஆறுதல் சரி. நாக்கு ஏன் கறுக்குது?"

"வாயில கொஞ்சம் கந்தகச் சத்து ஈக்கும். வெங்காயம், வெள்ளப்பூடு, முட்ட திண்டா இன்னும் கூடும். பிஸ்மத் அதோட சேர்ந்தா கறுப்பாப் போயிரும். மொதல்ல நாக்கு, மறுநாள் மத்தப் பக்கம். ஒரு மோசமும் இல்ல, நாலஞ்சு நாள்ல தானாப் போயிரும்."

"நல்லவேள, தலைவர் மத்தப் பக்கத்தப் பாத்துத் தீர்ப்புச் சொல்லல" என்றான் பழனிமுத்து. பிறகு நெற்றியைத் தட்டிக்கொண்டான். "நானா! அன்னைக்கு ராத்திரி சின்னம்மா பூடு போட்ட கருவாட்டுக் கொழம்புதான் வச்சிருந்துச்சாம். எனக்குச் சேதி கொண்டாந்த ஆளே ருசி பாத்துட்டு வந்து சொன்னான்."

"ஆனா நான் வேலம்மாவுக்கு மாத்திரயே குடுக்கல்லயே" என்ற ஸக்கரியா குரலைத் தாழ்த்தினார். "ஒரு புதினம் கேளுங்க நானா. கொஞ்ச நாளா வயித்துவலின்னு எங்கிட்ட ஒருத்தரும் வாறதில்ல. அதுக்குப் பதிலா, கறுப்பாப் போகுதுன்னு பயந்து வாறாங்க. நான் ஒண்டும் குடுக்காமலே!"

ஜவாஹிர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். அவர் பாதித் தேநீரில் கோப்பையை வைத்தால் ஏதோ பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம். பழனிமுத்து மிச்சத்தைக் குடித்துக்கொண்டான்.

"அப்போ ஒங்கட ஆக்களுக்கு வேற யாரோ ஒளிச்சிக் குடுக்காங்க."

ஸக்கரியாவின் முகத்திலிருந்து சிரிப்பு மறைந்தது. "யாரா ஈந்தாலும் பெரிய பிழ நானா. குடல்ல புண் வெடிச்சி ரத்தம் கசிஞ்சாலும் கறுப்பாத்தான் போகும், தார் மாதிரி. இது மருந்துக் கறுப்பா, ரத்தக் கறுப்பான்னு நான் எப்படிக் கண்டுபிடிக்க? மாத்திர திண்டீங்களான்னு கேட்டா இல்லன்னு சத்தியம் பண்றாங்க. ரெண்டு மூணு நாளைக்குத் திண்டா நல்ல மருந்து. மாசக்கணக்குல போட்டா சிறுநீரகத்துக்கும் நரம்புக்கும் கூடாது. சின்னப் புள்ளைகளுக்கு நம்ம பாட்டுல குடுக்கவே கூடாது."

"இந்தத் தோட்டத்துல வயித்தெரிச்சல்காரர் யாரு?"

"பூசாரி இராமசாமிதான். விரதம் விரதம்ன்னு பட்டினி கெடந்து குடலக் கெடுத்துக்கிட்டார். எங்கிட்ட ஈக்கிறது வாசமில்லாத வெறும் தூள், அது அவருக்குப் புடிக்கல்ல. டவுன் பார்மசியில பெப்பர்மின்ட் போட்டுச் சப்பித் திங்கிற மாத்திர ஈக்கிதுன்னு நான்தான் சொல்லி அனுப்பினேன். அதுக்குப் பொறகு ஆளயே காணல்ல."

பழனிமுத்து ஏற்கனவே வாசலில் நின்றான். "நானா, இன்னைக்கு அந்தப் பூசாரிக்கு நான் குடுக்கப்போறது பெப்பர்மின்ட் இல்ல."

பூசாரி இராமசாமி கோயில் நடையில் உட்கார்ந்து திருநீறு பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தார். வாய் நிறைய வெற்றிலை. அவருடைய வயிற்றுவலித் திருநீறு பல்லேகமை வரை பெயர் பெற்றது. நாவுலயிலிருந்துகூட மிளகாய்ச் செய்கைக்காரர்கள் பஸ் பிடித்து வந்து வாங்கிப் போவார்கள். தட்டில் ஒரு குவியல் இருந்தது. மடியில் தனியாக ஒரு சுருக்குப் பை செருகியிருந்தது.

"அந்தப் பை என்ன பூசாரி?" என்றார் ஜவாஹிர்.

"அது... அது விசேஷத் திருநீறுங்க."

"பழனி, எனக்கு அது ஆகாது. நீ பாரு."

பூசாரி தடுப்பதற்குள் பழனிமுத்து பையைப் பிடுங்கி, ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்தான். இனிப்பு. பிறகு ஜில்லென்று ஒரு காற்று மூக்கு வரை ஏறியது.

"அடடா, என்ன அருள்! ஏப்பம் வருது நானா."

இராமசாமி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து நின்றார். சிவப்பு போன இடத்தில் அவருடைய நாக்கின் உண்மையான நிறம் எட்டிப் பார்த்தது. அதுவும் கறுப்புத்தான். தோட்டத்தில் எல்லோருமே வெற்றிலை போடுகிறவர்கள் என்பதால் அவருடைய மருந்தைத் தின்ற எவருடைய நாக்கும் வெளியே தெரியவில்லை. வேண்டுதலுக்காக வெற்றிலையை விட்ட ஒரே பெண் வேலம்மா.

"மாத்திரைய இடிச்சுக் கலக்கிறேங்க" என்று பூசாரி விசும்பினார். "மொதல்ல எனக்கு நல்லாப் போச்சு. ஆத்தா குடுத்த மருந்துதானேன்னு நெனச்சேன். வலின்னு வந்தவங்களுக்குக் குடுத்தேன், அவங்களுக்கும் நல்லாப் போச்சு. நான் கெடுதல் நெனைக்கலைங்க. அன்னைக்குத் தட்டுல திருநீறு முடிஞ்சிருச்சு. வேலம்மா கடைசி ஆளு. அவசரத்துல மடியில இருந்த பையில கைய விட்டுட்டேன். விடிஞ்சதும் அது நாக்கப் பாத்தப்பத்தான் எனக்கே விளங்குச்சு."

"விளங்கியும் மூணு நாளா வாயத் தொறக்கல" என்றான் பழனிமுத்து. இப்போது அவன் குரலில் கேலி இல்லை. "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதுமே பூசாரி. எங்க சின்னம்மாவ லயமே காறித் துப்புச்சு. நீ இங்க உக்காந்து பொட்டலம் மடிச்சியா?"

"சொன்னா என் திருநீற யாரு வாங்குவா? மாத்திரைப் பூசாரின்னு சிரிக்க மாட்டாங்களா?" பூசாரி இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். "ஆனா தாலிய நான் எடுக்கலைங்க. ஆத்தா மேல ஆணை!"

பழனிமுத்து சோர்ந்துபோய் நடையில் உட்கார்ந்தான். நாக்கு ஏன் கறுத்தது என்பது விளங்கிவிட்டது. தாலி எங்கே என்பது அப்படியே நின்றது. பூசாரி இப்போது போய் உண்மையைச் சொன்னாலும், வேலம்மாவின் அக்காள் மகன் டவுனிலிருந்து வந்து பூசாரியை மிரட்டிச் சொல்லவைத்தான் என்றுதான் லயம் பேசும்.

"நானா, திருநீறுக்குக் கள்ளனத் தெரியாது. நமக்கும் தெரியாது. போய்ச் சின்னம்மாவோட சட்டிய மூட்ட கட்டுறேன்."

"திருநீறுக்குத் தெரியாதுதான்" என்றார் ஜவாஹிர். "கள்ளனுக்குத் திருநீறத் தெரியுமே. ஸக்கரியாவக் கூட்டிட்டு வா."

அவர் யோசனையைச் சொல்லச் சொல்ல ஸக்கரியா முதலில் தலையை ஆட்டி மறுத்தார். பிறகு மீசைக்குள் சிரித்துக்கொண்டே சில நிபந்தனைகள் போட்டார். ஒரே ஒரு தடவை, ஒரு சிட்டிகைதான். சின்னவர்களுக்கும் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் கிடையாது. வயிற்றுப் புண்ணோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்களுக்கு அவர் கண் காட்டுவார், அவர்களுக்குச் சாதாரணத் திருநீறு. நாளைக்கே எல்லோருக்கும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அவரும் பக்கத்திலேயே நிற்பார்.

பொழுது சாய்வதற்குள் மணி அடித்தது. போன தடவைச் சத்தியத்தில் குறை நேர்ந்துவிட்டது, மறுபடியும் செய்ய வேண்டும் என்று பூசாரி அறிவித்தார். குறை நேர்ந்தது யாரால் என்று மட்டும் சொல்லவில்லை. விடியும்வரை ஒருவரும் வெற்றிலை போடக் கூடாது என்று கட்டளை வந்ததும் கூட்டத்தில் பெரிய முணுமுணுப்பு எழுந்தது. தாலி போனதற்குக்கூட அவ்வளவு முணுமுணுப்பு இருந்ததில்லை.

அன்று வேலைக்கு நின்ற அத்தனை பேரும் வரிசையாக வந்தார்கள். தலைவரும் நின்றார். வேலம்மா யாரையும் பார்க்காமல், போன தடவை போலவே கடைசியில் நின்றாள். அவளுக்குப் பின்னால் பழனிமுத்து நின்றான். பூசாரியின் கையிலிருந்து ஒவ்வொரு நாக்கிலும் சிட்டிகை விழுந்தது. சிலர் உள்ளங்கையில் வாங்கித் தாங்களே போட்டுக்கொண்டார்கள். மருந்தை வாயில் போட்டவர்களுக்கெல்லாம் இனித்தது. போன தடவை வேலம்மாவைப் பார்த்துச் சிரித்தவர்கள் இப்போது ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்களே ஒழிய, வாயைத் திறந்து கேட்க ஒருவருக்கும் தைரியமில்லை. முடிந்ததும் ஜவாஹிரின் செலவில் கூழ் ஊற்றினார்கள், கடித்துக்கொள்ள ஆளுக்கு ஒரு பிடி சின்ன வெங்காயத்தோடு.

"வெங்காயம் எதுக்குங்க இவ்வளவு?" என்று ஒருவர் கேட்டார்.

"நானாவுக்கு வேண்டுதல்" என்றான் பழனிமுத்து.

மறுநாள் காலையில் பெரட்டுக் களத்துக்கு யாரும் வாயைத் திறந்தபடி வரவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணை மட்டும் உருட்டிக்கொண்டு வந்தார்கள். கங்காணி பெயர் கூப்பிட்டதற்கு ம் என்றுதான் பதில் வந்தது. ஊமைகளின் தோட்டத்துக்குப் பெரட்டுப் பார்க்க வந்ததுபோல் அவர் விழித்தார்.

"சரி, நாக்கக் காட்டுங்க" என்றார் ஜவாஹிர்.

ஆளாளுக்கு அடுத்தவர் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தார்கள்.

"தலைவர், நீங்க பெரிய மனுசன். நீங்க தொடங்குங்க."

தலைவர் மலையைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், வேறு வழியில்லாமல் நாக்கை நீட்டினார். தார் போட்ட ரோட்டுத் துண்டு ஒன்று வெளியே வந்தது. "நான் எடுக்கலப்பா! சத்தியமா எடுக்கல!" என்று அலறினார். அவர் அலறியதும் மற்றவர்களுக்குத் தைரியம் வந்துவிட்டது. ஒவ்வொன்றாக நாக்குகள் வெளியே வந்தன. ஸக்கரியா ஓரமாக நிறுத்தியிருந்த ஓரிருவரைத் தவிர எல்லாம் கறுப்பு. ஆளாளுக்குப் பக்கத்து நாக்கைப் பார்த்து அலறினார்கள், தங்களுடையதைத் தொட்டுப் பார்த்து அழுதார்கள். ஆத்தாவுக்கு என்ன கோபமோ என்று ஒருத்தி அங்கேயே விழுந்து கும்பிட்டாள்.

"ஐயோ பாவம்!" என்று அந்தச் சத்தத்துக்குள் ஒரு குரல் எழுந்தது. ராசம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "எல்லாருமாச் சேந்தா எடுத்தீங்க? இங்க பாருங்க என் நாக்க! ரோசாப்பூ மாதிரி இருக்கு. ஆத்தாவுக்குத் தெரியும் யாரு சுத்தம்னு!"

களம் அவளுடைய நாக்கைப் பார்த்தது. உண்மையிலேயே ரோஜாப்பூ மாதிரித்தான் இருந்தது.

"பூசாரி, இப்ப சொல்லுங்க" என்றார் ஜவாஹிர்.

இராமசாமி முன்னால் வந்து, தலை நிமிராமல், மாத்திரையை இடித்த கதையை முழுவதும் சொன்னார். பக்கத்தில் நின்ற ஸக்கரியா, இது வெறும் வயிற்று மருந்துக் கறுப்பு, நாலைந்து நாளில் போய்விடும் என்று எல்லோருக்கும் சத்தம் போட்டுச் சொன்னார். இனிமேல் கறுப்பாகப் போகிறவர்கள் நேராகத் தன்னிடம் வந்து என்ன தின்றோம் என்று மறைக்காமல் சொல்ல வேண்டும் என்றும் சொன்னார். கூட்டத்தில் அழுகை நின்று, பூசாரியை நோக்கித் திட்டு கிளம்பியது. ராசம்மாவின் நாக்கு மட்டும் இன்னும் வெளியே இருந்தது. பிறகு அது மெல்ல உள்ளே போனது.

"நேத்து எல்லாருக்கும் ஒரே மருந்துதான்" என்றார் ஜவாஹிர் மெதுவாக. "வேண்டாம்னு ஸக்கரியா சொன்ன ஆக்கள்ல நீங்க இல்ல ராசம்மா. வாயில போட்டிருந்தா ஒங்கட நாக்கும் கறுத்திருக்கும். நீங்க ரெண்டு தடவையும் போடல்ல. கையில வாங்கி நெத்தியில முழுசாப் பூசிட்டீங்க. மனசுல ஒண்டும் இல்லாதவங்க பயமில்லாம வாயில போட்டாங்க. இந்தக் கூட்டத்துல அம்மனுக்கு மெய்யாலுமே பயந்தது நீங்க ஒரு ஆள்தான்."

"அவ காம்பராவச் சோதிங்க!" என்று தலைவர் கத்தினார். நாலு பேர் லயத்தை நோக்கி ஓடத் திரும்பினார்கள்.

"நில்லுங்க. காம்பராவுல இல்ல" என்ற ஜவாஹிர் சங்கடப்பட்டுத் தொப்பியைக் கழற்றி மாட்டினார். "அது ஈக்கிற எடத்த ஒரு ஆம்பள கேக்கிறது மரியாதையில்ல."

பழனிமுத்துவுக்கு நேற்று உச்சி வெயிலில் போர்த்தியிருந்த அந்த முந்தானை ஞாபகம் வந்தது. இப்போதும் அது ராசம்மாவின் கழுத்தை இறுக்கிச் சுற்றியிருந்தது. ஊரெல்லாம் தேடிய தாலி, ஒரு தாலி இருக்க வேண்டிய இடத்திலேயே இருந்திருக்கிறது. கல்யாணமான பெண்ணின் கழுத்தில் தாலியைப் பார்த்து அது யாருடையது என்று எவன் கேட்பான்?

வேலம்மாதான் முன்னால் போனாள். அவள் கையை ஓங்குவாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் ராசம்மாவின் முந்தானை நுனியைப் பிடித்து, பீலியில் குடத்தை நகர்த்தச் சொல்லும் குரலில், "எடு ராசம்மா" என்றாள்.

ராசம்மா மஞ்சள் கயிற்றை வெளியே எடுத்தாள். அதன் நுனியில் அம்மனின் பொட்டு மின்னியது.

"என்னோடத அந்த மனுசன் குடிச்சே அழிச்சிட்டாரு" என்று அவள் கதறினாள். "மகளப் பொண்ணு பாக்க வந்தாங்க. வெறும் மஞ்சத் துண்டோட எப்படிப் போய் அவங்க முன்னால நிப்பேன்? ஒரு நாளைக்குன்னுதான் எடுத்தேன். மறுநாளு வைக்கப் போனேன், அதுக்குள்ள பெட்டியத் தொறந்துட்டாங்க. ஆத்தா கண்ணு முன்னால அந்தத் திருநீற வாயில போட எனக்குக் கை வரல. ஒன் நாக்கு கறுத்தப்ப... ஆத்தாவே என்னக் காப்பாத்திட்டான்னு நெனச்சுட்டேன் வேலம்மா."

"காப்பாத்திட்டாளா? இவ பேர வெட்டுங்க!" என்றார் தலைவர். கறுத்த நாக்கோடு தீர்ப்புச் சொல்வது அவருக்கே ஒரு மாதிரியாக இருந்திருக்க வேண்டும். உடனே வாயைப் பொத்திக்கொண்டார்.

"யாரு பேரையும் வெட்ட வேணாம்" என்றாள் வேலம்மா. "பெட்டியில வச்சுட்டுக் கும்புட்டுப் போகட்டும். அவ மகளுக்கு நல்லது நடக்கப்போகுது. நடு ரோட்டுல நிக்கிறது எப்படி இருக்கும்னு இந்த மூணு நாளா நான் பாத்துட்டேன்."

தலைவர் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு அவளிடம் வந்தார். "தாயி, மன்னிச்சிரு. நாக்கப் பாத்து ஏமாந்துட்டோம்."

"நாக்கத்தான் பாத்தீங்க" என்றாள் வேலம்மா. "அது 'நான் எடுக்கல'ன்னு சொன்னத ஒருத்தராச்சும் கேட்டீங்களா?"

ஜவாஹிர் பழனிமுத்துவைத் திரும்பிப் பார்த்தார். இந்த மாதிரி இடத்தில் அவன் ஏதாவது சொல்லி எல்லோரையும் சிரிக்கவைப்பான். இன்று அவன், நேற்று லயத்து வாசலில் தான் பின்வாங்கிய அந்த இரண்டடியை நினைத்துக்கொண்டு, காலைப் பார்த்தபடி நின்றான்.

வேலம்மா கூடையை எடுத்துக்கொண்டு அவனைத் தாண்டிப் போகும்போது நின்றாள்.

"நீயும் நேத்துத் திருநீறு போட்டியேடா. எங்க, காட்டு."

பழனிமுத்து நாக்கை நீட்டினான். நேற்று அவளுடையது எவ்வளவு கறுப்போ, அவ்வளவு கறுப்பு. வேலம்மா கண்ணை அகல விரித்து, ஐயோ ஆத்தா என்று நெஞ்சில் கையை வைத்து, வேண்டுமென்றே இரண்டடி பின்னால் போனாள். பிறகு மூன்று நாளுக்கப்புறம் முதல் தடவையாகச் சிரித்தாள். கறுத்த நாக்கு தெரியத் தெரிய, வாயை மூடாமல் சிரித்தாள்.